கறை படாத வெள்ளைக் குதிரை

அக்டோபர் 9, வியாழன்

எங்கள் நாய் பிஸ்கட்டைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இந்த டைரியில் நான் எழுதுவதெல்லாம் கொள்ளு வந்தது, லாடம் மாற்றியது, எந்தப் பிள்ளை எந்தக் குதிரையிலிருந்து விழுந்து அழுதது என்கிற சங்கதிகள்தான். இன்றைக்கு அதெல்லாம் ஒன்றும் நினைவில் இல்லை. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் லாயத்துக் கதவைச் சாத்தப் போனேன். நாய் எனக்கு முன்னால் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பினேன், நாய் இல்லை. ஒரு குரைப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் வேலியோரமாக நீளமாய் ஒரு வால் மட்டும் போனது. அது அவசரப்படவே இல்லை. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கையிலிருந்த டார்ச் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. லாயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றேன். இந்திராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்து மருத்துவ அறையில் நர்ஸ். ரத்தத்துக்கு அசராதவள். ஆனால் நாய்க்கு வைத்திருந்த சோற்றுத் தட்டைப் பார்த்ததும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.


அக்டோபர் 13, திங்கள்

பிரின்சிபால் மேடத்திடம் பேசி எல்லாம் வாங்கிவிட்டேன். லாயத்து ஜன்னல்களுக்குத் தடித்த கம்பிவலை, கதவின் அடிப்பக்கத்துக்கு இரும்புத் தகடு. லாயத்துக்குள் இரண்டு ட்யூப் லைட், வெளியே முற்றத்தில் ஒரு ஃபோகஸ் லைட். விடியவிடிய எரியும். மலை மேல் இருக்கிற பள்ளிக்கூடம், பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம், மேடம் கேள்வியே கேட்கவில்லை.

இந்திராணிதான் கேட்டாள். "அதான் கம்பிவலை, தகடு எல்லாம் போட்டாச்சே. அதைக் கடிச்சுக்கிட்டா வரப்போகுது? விளக்கு எதுக்கு?"

"குதிரைங்க பயந்துபோயிருக்குல்ல. வெளிச்சம் இருந்தா அதுகளுக்கு ஒரு தைரியம்."

"அதுகளுக்கா?" என்றாள்.


அக்டோபர் 14, செவ்வாய்

நன்றாகத் தூங்கினேன். எங்கள் படுக்கையறை ஜன்னல் வழியாக முற்றத்து வெளிச்சம் உள்ளே விழுகிறது. இந்திராணி முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள்.


அக்டோபர் 28, செவ்வாய்

ஒரு நல்ல செய்தி எழுத வேண்டும்.

நம்மிடம் இருப்பது நாலு குதிரைகள். துரை கிழவன், கப்பல் சோம்பேறி, சிட்டு துடுக்கு. நாலாவது வெனிலா. வெள்ளைக் குதிரை. பெயர் பிள்ளைகள் வைத்தது. இந்த லாயத்தில் எனக்குப் பிடித்தவள் யார் என்று கேட்டால், பாரபட்சம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் கழுத்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் வெள்ளைக் குதிரை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. இரவெல்லாம் தன் லத்தியின் மேலேயே படுத்துப் புரண்டுவிட்டுக் காலையில் விலாவிலும் தொடையிலும் பச்சையும் மஞ்சளுமாய்க் கறையோடு எழுந்து நிற்பாள். அந்தக் கறையை எடுக்க ஒரு பக்கெட் வெந்நீர் ஆகும், பத்திரண்ணனின் வாயிலிருந்து ஒரு பக்கெட் வசவும் ஆகும்.

இப்போது இரண்டு வாரமாக வெனிலா மேல் ஒரு பொட்டுக் கறை இல்லை. முந்தின நாள் தேய்த்துவிட்டது அப்படியே இருக்கிறது. பிடரியில் ஒரு மரத்தூள்கூட ஒட்டவில்லை.

"மாஸ்டர், இவளுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றார் பத்திரண்ணன். இருபது வருஷமாய் இங்கே குதிரை தேய்க்கிறவர். மற்ற மூன்றும்கூடச் சுத்தமாகத்தான் இருக்கின்றன. வெளிச்சம் இருப்பதால் லத்தி கிடக்கிற இடம் தெரிந்து ஒதுங்கிக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். விளக்கு போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.


நவம்பர் 6, வியாழன்

இன்று முற்றத்தை நானே கூட்டினேன், பத்திரண்ணன் வருவதற்கு முன்னால். குப்பை அதிகமாக இருந்தது.


நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். சின்னப் பிள்ளைகளைக் குதிரை மேல் ஏற்றி ஏற்றி முதுகு ஒடிந்தது. மேடம் வெனிலாவைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன மாஸ்டர், சலவைக்குப் போட்டு எடுத்தீங்களா?" என்றார். குடியரசு தின அணிவகுப்பில் கொடி பிடித்து முன்னால் போவது இந்த வருஷம் வெனிலாதான். மேலே ஏறப்போவது எட்டாம் வகுப்பு வைஷாலி. ஒல்லிக்குச்சி. ஆனால் சேணத்தில் உட்கார்ந்தால் அசைக்க முடியாது.

வைஷாலி என்னிடம் ஓடி வந்து, "மாஸ்டர், வெனிலாவுக்கு என்னைப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கேரட் பிடிக்கும். கேரட் கொண்டுவர்றவங்களையும் பிடிக்கும்."

நாளை முதல் பயிற்சி.


நவம்பர் 25, செவ்வாய்

நேற்று ராத்திரி லாயத்திலிருந்து ஒரு சத்தம். சுவர் வழியாக வந்தது. பலகையில் எதுவோ முழு பலத்தோடு மோதிய மாதிரி. தட் என்று ஒன்று, உடனே பரபரவென்று குளம்புச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எழுந்து உட்கார்ந்தேன். கதவின் இரும்புத் தகட்டில்தான் அது மோதியிருக்கிறது, உள்ளே வரப் பார்க்கிறது என்று தோன்றியது. போய்ப் பார்க்கக் காலைத் தூக்கினேன், கால் வரவில்லை. இந்திராணி அன்று இரவுப் பணிக்கு மருத்துவ அறைக்குப் போயிருந்தாள். ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தேன். வெளிச்சத்தில் ஒன்றுமில்லை. விடிகிற வரை அங்கேயே நின்றேன்.

காலையில் தகட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை.


நவம்பர் 27, வியாழன்

லாயத்துக்குள் இன்னொரு ஃபோகஸ் லைட் மாட்டச் சொன்னேன், குதிரைகள் நிற்கிற பக்கம் பார்த்து. எலெக்ட்ரீஷியன் கேட்டார், "சார், இங்க என்ன கிரிக்கெட்டா விளையாடப்போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.


டிசம்பர் 4, வியாழன்

ஒன்றும் சரியில்லை.

முடி கொட்டுகிறது. வருஷாவருஷம் இந்த மாதத்தில் குளிருக்குக் குதிரைகளின் முடி அடர்த்தியாகி, கரடிக்குட்டி மாதிரி நிற்கும். மாசி பங்குனியில்தான் உதிரும். இப்போது கையை வைத்துத் தடவினால் உள்ளங்கையில் கற்றை கற்றையாக வருகிறது. வெளியே பனி விழுகிறது, இதுகள் கோடைக்கு ஆயத்தம் செய்கின்றன. சிட்டுவுக்குப் பருவம் வந்து நாள் முழுக்கக் கத்துகிறது. குளிர்காலத்தில் அதற்கு அந்த நினைப்பே வராது. பக்கத்தில் போன பத்திரண்ணனின் தொடையில் ஒரு உதை. நல்லவேளை, எலும்பு தப்பியது.

வெனிலாவின் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டின் முன்பக்கம், காயம். இரண்டு காலிலும் ஒரே இடத்தில். தோல் வழன்று பொருக்குத் தட்டியிருக்கிறது. கல் தரையில் முட்டி போட்டவன் மாதிரி. மருந்து தடவினேன்.

"மாஸ்டர், கண்ணு பட்டுருச்சு" என்றார் பத்திரண்ணன். "அன்னைக்கு மேடம் அப்படிப் பாத்தாங்கள்ல? வெள்ளைக் குதிரையை அப்படிப் பாக்கக் கூடாது." எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நாலு திசையிலும் எறிந்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

அந்தச் சத்தம் இப்போது அடிக்கடி வருகிறது. சில ராத்திரிகளில் இரண்டு மூன்று தரம்.


டிசம்பர் 10, புதன்

கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள்.


டிசம்பர் 19, வெள்ளி

விடுமுறைக்குப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். மலை வெறிச்சோடிவிட்டது. குதிரைகள் நடுங்குகின்றன. விடுதியிலிருந்து பழைய கம்பளிகளை வாங்கி நாலுக்கும் போர்த்தினேன்.

வெனிலா என் தோளில் தலையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். முன்பெல்லாம் சட்டைப் பையில் கேரட் தேடுவாள். இப்போது தலை மட்டும் கனமாக இறங்குகிறது. மேல் இமை பாதி மூடியிருக்கிறது. என்னடி உனக்கு என்று கேட்டேன். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இங்கே இருக்க மாட்டேன்.

இந்திராணி இன்று கேலி செய்யவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணு ரெண்டும் குழி விழுந்துபோச்சு" என்றாள்.

"குதிரைக்கு உடம்பு சரியில்ல, எனக்குத் தூக்கம் எப்படி வரும்?"

"நான் அதைக் கேக்கலங்க. விளக்கை ஒரு நாளாச்சும் அணைச்சுப் பாப்போமே. மூணு பேரு சொல்லிட்டாங்க, சிறுத்தை அந்தப் பள்ளத்தாக்கு தாண்டிப் போயிருச்சுன்னு."

"ராத்திரி தட்டுறது யாரு, உங்க அப்பாவா?"

தப்புதான். அவள் அப்பா போன வருஷம்தான் தவறினார். அவள் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். வெளிச்சம் விழாத அறை அது ஒன்றுதான்.


ஜனவரி 8, வியாழன்

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

காலை பயிற்சி. நாலு குதிரைகளும் வரிசையாக நின்றன. ஓடவில்லை, தாண்டவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தன. வைஷாலி வெனிலா மேல், கையில் கொடிக்கம்பு. நான் எதிரே நின்று தேசிய கீதம் முடிகிற வரை எப்படி அசையாமல் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெனிலாவின் தலை மெதுவாகக் கீழே இறங்கியது. நல்ல பிள்ளையாய் நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். திடீரென்று முன்னங்கால் இரண்டும் மடங்கின. சுட்டுப் போட்ட மாதிரி முன்பக்கம் அப்படியே இறங்கியது. வைஷாலி கழுத்து வழியாகச் சரிந்து முன்னால் விழுந்தாள். வெனிலா பதறித் துள்ளி எழப் பார்த்தாள். குளம்பு அந்தப் பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் ஊன்றியது. ஒரு விரல்கடை. அதற்கு மேல் இடம் இல்லை. குதிரை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இன்று நான் வைஷாலியின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

பிள்ளைக்கு வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. இந்திராணிதான் கட்டை வைத்துக் கட்டி, கீழே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வண்டியில் ஏறும்போது அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "வெனிலாவை அடிக்காதீங்க மாஸ்டர். அவ தூங்கிட்டா."


ஜனவரி 9, வெள்ளி

எப்படித் தூங்கியிருக்க முடியும். குதிரை நின்றுகொண்டே தூங்கும், எனக்குத் தெரியாதா. தூங்கினால் விழாது.


ஜனவரி 12, திங்கள்

டாக்டர் நூர்ஜஹான் கீழேயிருந்து வந்தார். குதிரை வைத்தியத்தில் இந்த ஜில்லாவில் அவரை விட்டால் ஆள் கிடையாது. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், நாக்கு, கண், ரத்தம் எல்லாம் பார்த்தார். காலில் இருந்த பொருக்கின் முன்னால் ரொம்ப நேரம் குந்தியிருந்தார்.

"மாஸ்டர், ராத்திரி படுக்குதா இது?"

"படுக்கும் டாக்டர்."

"நீங்க பாத்தீங்களா?"

"நாங்க ராத்திரி உள்ள போறதில்ல."

மேலே மாட்டியிருந்த விளக்குகளைப் பார்த்தார். அதைப் பற்றியும் கேட்டார். பதில் சொன்னேன்.

போகும்போது மேடத்திடம், மூளையிலோ இதயத்திலோ கோளாறு இருக்கலாம், இன்னும் பெரிய பரிசோதனை செய்தால்தான் தெரியும், அதுவரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கல் பானை பொங்கியது, வீட்டில் வேறு எதுவும் பொங்கவில்லை.

மேடம் கூப்பிட்டனுப்பினார். வெனிலாவை அனுப்பிவிடுவதென்று முடிவாகிவிட்டதாம். வைஷாலியின் பெற்றோர் கேட்கிறார்கள், நிர்வாகம் கேட்கிறது. கீழே கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம். சனிக்கிழமை, 24ஆம் தேதி வண்டி வரும்.

கல்யாண ஊர்வலம். கொட்டுமேளம், வெடி, ஜெனரேட்டர் விளக்கு வரிசை, மேலே ஒரு மாப்பிள்ளை. அங்கே ஒரு தரம் விழுந்தால் அடி. இரண்டாம் தரம் விழுந்தால் அவளை வைத்துக்கொண்டு யார் தீவனம் போடுவார்கள்? அடிமாட்டு வண்டிதான்.

வீட்டுக்கு வந்து இந்திராணியிடம் சொன்னேன். அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர் விளக்கைப் பத்திக் கேட்டாங்கன்னு பத்திரண்ணன் சொன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னங்க சொன்னீங்க?"

"எட்டு மணிக்கு அணைச்சிருவோம்னு சொன்னேன்."

கையை எடுத்துக்கொண்டாள்.


ஜனவரி 17, சனி

இன்று பட்டப்பகலில் பார்த்தேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு லாயத்தில் போய், வெனிலாவின் எதிரே கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்தேன். அனுப்பப்போகிற குதிரையோடு கொஞ்ச நேரம் இருக்கலாமே என்றுதான் போனேன், வேறு எண்ணம் இல்லை. அவள் நின்றாள். இமை இறங்கியது. தலை இறங்கியது. உதடு தொங்கியது. மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி போயிற்று. அப்புறம் முன்னங்கால் இரண்டும் மடங்கி, முட்டி பலகையில் மோதியது.

தட்.

உடனே பதறி எழுந்து, பரபரவென்று குளம்பை மாற்றி மாற்றி வைத்தாள்.

அந்தச் சத்தம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதமாய் நான் உயிரைக் கையில் பிடித்துக் கேட்ட அதே சத்தம். கதவை எதுவும் இடிக்கவில்லை. தூக்கம் தாங்காமல் இவள் விழுந்துகொண்டிருந்தாள். அவள் விழ விழ நான் பயந்தேன். பயந்து பயந்து விளக்கைக் கூட்டினேன்.

கறை ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. படுத்தால்தானே கறை. அக்டோபரிலிருந்து அவள் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை. அதைத்தான் நான் சந்தோஷம் என்று இதே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.


ஜனவரி 19, திங்கள்

டாக்டருக்குப் போன் செய்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன்.

"விடிய விடிய எரியுதா?"

"ஆமா டாக்டர். நாலு லைட்."

"அதுகளுக்கு எது ராத்திரி, எது மார்கழின்னு சொல்றதே அந்த இருட்டுதான் மாஸ்டர். இருட்டே காட்டலன்னா உடம்பு கோடைக்காலம்னு நினைச்சுக்கும். அதான் முடி கொட்டுது, அதான் பருவத்துக்கு வருது. நின்னுக்கிட்டு குட்டித் தூக்கம்தான் போட முடியும். ஆழ்ந்த தூக்கம் வேணும்னா தெனம் கொஞ்ச நேரமாச்சும் படுத்தாகணும். பயமில்லாத, அமைதியான இடத்துலதான் படுக்கும். மாசக்கணக்கா படுக்கலன்னா நின்ன எடத்துலயே கால் மடங்கிரும்."

"சரியாகுமா?"

"அணைச்சுப் பாருங்க. படுத்து எந்திரிச்சதுன்னு உறுதியாத் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க, மேடத்துக்கிட்ட நானே பேசுறேன். இல்லன்னா நான் பேச முடியாது." பிறகு கேட்டார், "எதுக்கு மாஸ்டர் என்கிட்ட மாத்திச் சொன்னீங்க?"

"அணைக்கச் சொல்லிருவீங்கன்னுதான்" என்றேன்.

எழுதுகிறதோடு இதையும் எழுதிவிடுகிறேன். நவம்பரில் ஒரு நாள் காலையில் முற்றத்தை நானே கூட்டினேன் அல்லவா, குப்பை எதுவும் இல்லை. ஃபோகஸ் லைட்டுக்கு நேர் கீழே, ஈர மண்ணில், சிறுத்தையின் காலடித் தடங்கள் இருந்தன. அவ்வளவு வெளிச்சத்தில் வந்து, லாயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. விளக்குக்கு அது பயப்படவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தடுத்தது கம்பிவலையும் தகடும்தான். விளக்கு அதற்காக எரியவில்லை. குதிரைகளுக்காகவும் எரியவில்லை.


ஜனவரி 20, செவ்வாய்

இருட்டியதும் அணைத்தேன். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தேன். ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்தது. பேரிக்காய் மரம் தெரியவில்லை. மூச்சு முட்டியது. இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருந்தும் ஓடிப் போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

நான் ஒரு கோழை. வண்டி சனிக்கிழமை வருகிறது.


ஜனவரி 21, புதன்

இன்று அணைத்துவிட்டு லாயத்துக்குள்ளேயே போய், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்தேன். வீட்டில் இருந்தால் போட்டுவிடுவேன், குதிரைகளின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தால் தாங்கலாம் என்று ஒரு நினைப்பு. சுவிட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. நாலும் நின்றன. நானும் கிட்டத்தட்ட நின்றேன். வெனிலா இரண்டு தரம் விழுந்தாள். ஒவ்வொரு தரமும் என் உயிர் போய் வந்தது.

படுக்கவில்லை.


ஜனவரி 22, வியாழன்

துரை படுத்தான். கிழவன், வெட்கமில்லாமல் காலை நீட்டி. கப்பலும் கொஞ்ச நேரம். வெனிலா நின்றுகொண்டே இருந்தாள். கால் காயத்திலிருந்து மறுபடி ரத்தம்.

மேடம் இன்று அவளை விட்டுக்கொடுப்பதற்கான தாளில் கையெழுத்து வாங்கினார். போட்டேன்.


ஜனவரி 24, சனி, காலை

நேற்று இரவு நடந்ததை வண்டி வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

இருட்டில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று துரை பலமாக மூக்கால் உறுமினான். நாலும் ஒரே பக்கம் திரும்பின. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குளம்பு திரும்புகிற சத்தத்தில் தெரிந்தது. சுவருக்கு வெளியே ஏதோ நடந்தது. நடந்தது என்று சொல்வதா? ஒரு சருகு, சற்றுத் தள்ளி இன்னொரு சருகு. ஜன்னல் வலைக்கு அந்தப் பக்கம் வந்ததும் சருகுச் சத்தம் நின்றது. ஒரு வாடை வந்தது. என் கை சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தினால் போதும், ஒரு நொடி. அழுத்தினால் வெனிலா இன்றும் படுக்க மாட்டாள், காலையில் வண்டி வந்துவிடும்.

பிஸ்கட்டை நினைத்தேன். அந்த வாலை நினைத்தேன். பயத்தில் அழுகை வந்தது, சத்தம் வராமல் அழுதேன். கையை சுவிட்சிலிருந்து எடுத்து இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டேன்.

சருகு மறுபடி அசைந்தது. தூரமாய், இன்னும் தூரமாய். துரை ஒரு பெருமூச்சு விட்டான். சிட்டு தண்ணீர் குடித்தது. போய்விட்டதென்று அதுகளுக்குத் தெரிந்துவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து, வெனிலா இருந்த பக்கம் ஒரு சத்தம். மறுபடி விழுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தட் என்று வரவில்லை. மூட்டுகள் மெல்ல மடங்குகிற சத்தம், ஒரு பெரிய முனகல், மரத்தூள் நசுங்குகிற சத்தம். அதன் பிறகு வெகு நேரம் அமைதி. அப்புறம் ஒரு குறட்டை. பெரியவர்கள் விடுவது மாதிரியே, நீளமாக, முரட்டுத்தனமாக.

அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று அந்தப் பயம் வேறு.


ஜனவரி 24, சனி, இரவு

விடிந்ததும் பத்திரண்ணன் பக்கெட்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்தார். வெனிலாவைப் பார்த்து முகம் சுளித்தார். இடது விலா முழுக்க, தொடை வரைக்கும், பச்சைக் கறை. பிடரியில் மரத்தூள். ஒரு கன்னத்தில்கூட லத்தி.

"ஐயையோ, வண்டிக்காரன் வர்ற நேரத்துல இப்படியா? தேச்சிர்றேன் மாஸ்டர்."

"தொடாதீங்கண்ணே" என்றேன். "முற்றத்தையும் கூட்டாதீங்க."

மேடத்தையும் இந்திராணியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். முதலில் முற்றத்து மண்ணைக் காட்டினேன். ஜன்னலுக்குக் கீழே தெளிவாக நாலைந்து தடங்கள். மேடம் இரண்டு அடி பின்னால் போனார். விளக்கு எரிந்தபோதும் வந்தது, அணைத்தபோதும் வந்தது, இரண்டு தரமும் உள்ளே வர முடியவில்லை என்று சொன்னேன். முதல் தரம் வந்ததை மறைத்ததும் நான்தான் என்று சொன்னேன். அப்புறம் வெனிலாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கறையைக் காட்டினேன்.

மேடம் நம்பவில்லை. ஒரு அழுக்குக் குதிரையைக் காட்டி வண்டியைத் திருப்பச் சொன்னால் யார்தான் நம்புவார்கள். டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "கறை ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

இந்திராணி வெனிலாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "இந்தப் பக்கமும் இருக்கு டாக்டர்."

"அப்ப புரண்டு படுத்திருக்கு. நல்லாத் தூங்கியிருக்கு. மேடம், ஒரு மாசம் குடுங்க."

வண்டிக்காரர் டீ குடித்துவிட்டு, போக்குவரத்துச் செலவைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டு போனார். மேடம் என்னிடம், திங்கள்கிழமை அணிவகுப்பு முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள், பொய் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். போகத்தான் வேண்டும். நியாயம்.

வெனிலா என் சட்டைப் பையில் மூக்கை விட்டுக் கேரட் தேடினாள்.


ஜனவரி 25, ஞாயிறு

நாளை அணிவகுப்பில் கொடி பிடித்துப் போவது துரை. வைஷாலி கையில் கட்டோடு மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

இந்திராணி பாயை மறுபடி எங்கள் அறைக்கு எடுத்து வந்துவிட்டாள். லாயத்தில் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். முற்றத்திலும் அணைத்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

படுக்கப்போகிறேன்.